ஜவுளிக்கடை எஸ்கலேட்டர் பக்கம் நின்று தெரிந்துகொண்டவை

எஸ்கலேட்டரைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஏறும் இடத்தில்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, ஏறும் இடத்தில் ஒருவர் தடுமாறினால் கைகொடுக்க நேரம் இருக்கிறது. வேண்டாம் என்று பின்வாங்கவும் முடியும். இறங்கும் இடத்தில் அது முடியாது. பின்னால் ஆள் வந்துகொண்டே இருக்கும், படி தள்ளிக்கொண்டே இருக்கும்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று கூட்டம் அள்ளும் நாட்களில் எஸ்கலேட்டர் பக்கம் நிற்பது என் பொறுப்பு. புடவைப் பிரிவிலிருந்து என்னை அங்கே மாற்றியபோது "சும்மா நின்னு வணக்கம் சொல்லும்மா, அவ்ளோதான்" என்றார்கள். அது அவ்வளவுதான் இல்லை என்பது முதல் சீசனிலேயே புரிந்துவிட்டது. அங்கே நின்று பார்த்ததையும், பராமரிப்புக்கு வரும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இப்போது கடலூரில் வேறொரு கடையில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில் ஏறும் விஷயம். பாகூர், நெட்டப்பாக்கம், மரக்காணம், பண்ருட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் கல்யாண ஜவுளி எடுக்க வேன் பிடித்து வருவார்கள். இளசுகள் செல்ஃபி எடுத்துக்கொண்டே மேலே போய்விடும். கூட வந்த ஆயா மட்டும் கீழே நின்றுவிடுவார். "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்பார். பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது ஆயா கீழே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தப் புடவையைத் தொட்டுப் பார்த்து "ஜரிகை நல்லா இருக்குதுடி" என்று சொல்ல வேண்டியவரே அவர்தானே.

"பயப்படாதீங்க ஆயா" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. கை எங்கே, கால் எங்கே என்று சொன்னால் பயம் பாதி குறைகிறது. கையை முதலில் கைப்பிடியில் வைக்கச் சொல்ல வேண்டும். கை நகர ஆரம்பித்ததும் கால் தானாக அதன் பின்னால் போகும். காலை முதலில் வைத்துவிட்டுக் கையைத் தேடினால்தான் உடம்பு பின்னால் சாய்கிறது. அடுத்தது, அவசரம் வேண்டாம் என்பது. ஏறும் இடத்தில் குறைந்தது 80 சென்டிமீட்டர் தூரத்துக்குப் படிகள் தட்டையாகத்தான் வரும். அதன்பிறகுதான் உயர ஆரம்பிக்கும். மஞ்சள் கோடுகளுக்கு நடுவில் ஒரு காலை வைத்து, அடுத்த காலையும் அதே படியில் சேர்த்துவிட்டால் போதும். ஓடுகிற படியையே உற்றுப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் ஏறியதும் நிமிர்ந்து மேல்தளத்தைப் பார்க்கச் சொல்வேன்.

துணைக்குப் போகிறவர் எப்போதும் தாழ்வான பக்கம் நிற்க வேண்டும். மேலே போகும்போது ஆயாவுக்கு ஒரு படி கீழே, பின்னால். கீழே வரும்போது ஒரு படி கீழே, முன்னால். நிறைய பேர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழ வாய்ப்பு உண்டு. குழந்தைக்கும் இதே கணக்குதான்.

கைத்தடி வைத்திருப்பவர், முட்டி ஆபரேஷன் செய்தவர், தலைசுற்றல் உள்ளவர், கைக்குழந்தை வண்டி தள்ளி வருபவர், இரண்டு கையிலும் பை வைத்திருப்பவர் எல்லோரும் லிஃப்டில் போகலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று எஸ்கலேட்டர் அடியிலேயே பெரிதாக எழுதி ஒட்டாத கடைகள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இந்தப் பயம் நம் ஊர் ஆயாக்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1898-இல் லண்டனில் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையில் நகரும் படிக்கட்டு வைத்தபோது, ஏறி மேலே வந்த வாடிக்கையாளர்களுக்குப் படபடப்பு அடங்க பிராந்தி கொடுத்தார்கள். நம் கடையில் நான் மேலே ஒரு நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

இனி இயந்திரம். மாதம் ஒருமுறை, கடை மூடி ஷட்டர் இறக்கிய பிறகு மெக்கானிக் அண்ணன் ஒரு உதவியாளோடு வருவார். "என்ன பாப்பா, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டவர், நான் கேள்விமேல் கேள்வி கேட்பதைப் பார்த்து டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டார். அரியாங்குப்பம்தான் எனக்கு வீடு, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கும்.

நாம் கால் வைத்து ஏறும் அந்த உலோகத் தட்டைக் கொக்கி போட்டுத் தூக்கினால் உள்ளே ஒரு குழி. மேலே நாம் பார்க்கும் படிகள் அங்கே வந்து தலைகீழாகத் திரும்பி, அடிப்பக்கம் வழியாகவே மறுமுனைக்குப் போகின்றன. நாம் பார்ப்பது பாதிப் படிகளைத்தான். மீதிப் பாதி எப்போதும் காலுக்கடியில் கவிழ்ந்தபடி திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு படியும் தனித்தனி, அலுமினியத்தில் வார்த்தது. பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரம்: மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. மேல் ஜோடி, இரண்டு ஓரத்திலும் ஓடும் கனமான செயினோடு சேர்ந்தது. சைக்கிள் செயினைப் பெரிதாக்கி, பல்சக்கரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் அதேதான். மேல்தளத்தின் அடியில் இருக்கும் மோட்டாரும் கியர் பாக்ஸும் அந்தப் பல்சக்கரத்தைச் சுற்றும், செயின் படிகளை இழுக்கும். கீழ் ஜோடிச் சக்கரம் செயினில் சேராது, தன் தண்டவாளத்தில் சும்மா உருண்டு வரும். இரண்டு ஜோடிக்கும் தனித்தனித் தண்டவாளம். சரிவில் அந்த இரண்டு தண்டவாளமும் ஒரு இடைவெளியில் போகின்றன. தளத்தை நெருங்கும்போது அந்த இடைவெளி மாறுகிறது. அதனால்தான் ஏறுவரிசையாக நின்ற படிகள் ஒன்றுக்கொன்று சமமாகித் தரை ஆகிவிடுகின்றன. மோட்டாருக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். படியைத் தரையாக்குவது தண்டவாளம்.

கடைகளில் ஓடுவது பெரும்பாலும் 30 டிகிரி சாய்வு, விநாடிக்கு அரை மீட்டர் வேகம். நாம் நடப்பதைவிட மெதுவு. தளத்துக்குத் தளம் 4.5 மீட்டர் உயரம் என்றால் சரிவு மட்டும் 9 மீட்டர் வரும், அதைக் கடக்க 18 விநாடி. இந்த 18 விநாடியில் யாரும் பெரிதாக அடிபட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் இரண்டு முனையிலும் இரண்டு ஓரத்திலும்தான்.

முனையில் இருப்பது சீப்பு. காம்ப் பிளேட் என்பார்கள். படியின்மேல் நீளநீளமாகப் பள்ளமும் மேடும் இருக்கிறதே, அது வழுக்காமல் இருக்க மட்டும் போட்டதல்ல. தட்டையான படி தரைக்குள் நுழையும் இடத்தில் சீப்பின் பல் ஒவ்வொன்றும் அந்தப் பள்ளத்துக்குள், படியின் மேல்மட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்கும். அதனால் படிமேல் கிடக்கும் எதுவும் அடியில் போகாமல், பல்லின்மேல் ஏறித் தரைக்கு வந்துவிடும், நம் செருப்பு நுனி உட்பட. இந்த ஏற்பாடு முதலிலேயே இப்படி அமைந்துவிடவில்லை. ஜெஸ்ஸி ரீனோ என்ற அமெரிக்கர் 1892-இல் காப்புரிமை வாங்கி, 1896-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓட்டிக் காட்டியது படியே இல்லாத சரிவுப் பட்டை. ஆனால் அதில் பள்ளமும் சீப்பும் இருந்தன. சார்லஸ் சீபெர்கர் என்ற இன்னொரு அமெரிக்கர், லிஃப்ட் செய்யும் ஓடிஸ் கம்பெனியோடு சேர்ந்து 1900 பாரிஸ் கண்காட்சியில் வைத்ததில் நல்ல தட்டையான படிகள் இருந்தன. சீப்பு இல்லை. முனை வந்ததும் ஜனங்கள் பக்கவாட்டில் விலகி இறங்க வேண்டியிருந்தது. 1920-களில் ஓடிஸ் இரண்டையும் ஒன்றுசேர்த்த பிறகுதான், நேராக நடந்து இறங்கும் இன்றைய எஸ்கலேட்டர் வந்தது.

சீப்பில் ஒரு பல் போனாலும் அது சின்ன விஷயமல்ல. அந்த இடத்தில் ஒரு சந்து உண்டாகிவிடுகிறது, குழந்தையின் விரல் போகும் அளவுக்கு. பல்வரிசை துண்டுதுண்டாகக் கழற்றி மாற்றும்படிதான் இருக்கும். கல்லோ ஆணியோ மாட்டினால் பல் உடைந்து படியைக் காப்பாற்றும். ஆகவே காலையில் கடை திறக்குமுன் இரண்டு முனையிலும் குனிந்து பல்லைப் பார்ப்பது என் முதல் வேலை. உடைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை ஓட்டக்கூடாது. "சாயந்திரம் பாத்துக்கலாம்" என்று மேலதிகாரி சொன்னாலும் சங்கிலி போட்டு மூடிவிடுவேன்.

ஓரங்களுக்கு வருகிறேன். படி ஓடுகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் தகடு ஓடாது. அதை ஸ்கர்ட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, இரண்டு பக்கமும் கூட்டினால் 7 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றும் ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 115 சொல்லும் அளவு இது. மெக்கானிக் அண்ணன் ஃபீலர் கேஜ் என்ற, இடுக்கை அளக்கும் மெல்லிய தகட்டை விட்டு அளப்பார். 4 மில்லிமீட்டர் என்றால் கால் போகாது. ஆனால் மெத்து ரப்பர் போகும். ஓட்டை ஓட்டையாக, எடை இல்லாமல், குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த வகைக் காலணி தகட்டில் உரசினால் ஒட்டிக்கொள்கிறது. படி இழுக்க, தகடு பிடிக்க, ரப்பர் நசுங்கி உள்ளே போகிறது. உள்ளே இருப்பது குழந்தையின் கால்விரல். 2008 வாக்கில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அரசாங்கமே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஸ்கர்ட் ஓரத்தில் நீளமாக பிரஷ் வைத்திருப்பது காலைத் தள்ளி நிறுத்தத்தான். பையன்கள் அதில் ஷூவைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எதைத் தவிர்க்க பிரஷ் வைத்தார்களோ அதையே கொண்டுபோய் அங்கே வைக்கிறார்கள்.

புடவைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏறுமுன் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள், கொசுவத்தை ஒரு கையால் இரண்டு விரல் உயரம் தூக்கிப் பிடியுங்கள். தரையைக் கூட்டும்படி கட்டிய புது சில்க் காட்டன்தான் முதலில் மாட்டும். துப்பட்டா, புர்காவின் அடிவிளிம்பு, தரையில் தொங்கும் வேட்டி முனை, அவிழ்ந்த ஷூ லேஸ் எல்லாவற்றுக்கும் இதேதான். ஒரு தீபாவளிச் சமயம் கல்லூரிப் பெண் ஒருத்தியின் துப்பட்டா முனை கீழ்முனைச் சீப்பில் மாட்டியது. முழு நீளமும் போவதற்குள் எஸ்கலேட்டர் தானாகவே நின்றுவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பட்டாவை மட்டும் கத்தரியால் வெட்ட வேண்டியிருந்தது. சீப்புத் தட்டு அசைந்தாலே அடியில் இருக்கும் ஒரு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்று அப்போதுதான் அண்ணன் விளக்கினார். மறுபடி ஓட்டுமுன் அவர் தட்டைக் கழற்றி, பல்லுக்குள் ஒரு நூல்கூட இல்லாமல் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்படி நிறைய சுவிட்ச் இருக்கின்றன. படிச் செயின் தளர்ந்தாலோ அறுந்தாலோ நிறுத்த ஒன்று. ஸ்கர்ட் தகடு அழுத்தப்பட்டால் ஒன்று. கைப்பிடி தரைக்குள் நுழையும் வாயில் குழந்தை கையைவிட்டால் ஒன்று. ஒரு படி தொய்ந்தாலோ, காணாமலே போனாலோ கண்டுபிடிக்க ஒன்று. வேகம் கூடினால், ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று இறங்க ஆரம்பித்தால் நிறுத்த ஒன்று. எல்லாம் ஒரே கோர்வையில் இருக்கும். எது திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது.

மின்சாரம் போனால் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மின்சாரம் போனால்தான் பிரேக் பிடிக்கும். பிரேக்கை எப்போதும் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். ஓடும்போது மின்காந்தம் அதை விலக்கிப் பிடித்திருக்கும். கரண்ட் போன அடுத்த கணம் காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் கவ்விவிடும். நம் ஊர் மின்வெட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் சட்டென்று ஆணி அடித்த மாதிரி நிற்காது. அரை மீட்டர் வேகத்தில் ஓடுவது குறைந்தது 20 சென்டிமீட்டர், அதிகம் 1 மீட்டர் நகர்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. அதைவிடச் சீக்கிரம் நின்றால் மேலே இருக்கும் அத்தனை பேரும் சரிவார்கள்.

இந்த பிரேக்கும் சுவிட்சும் சரியாக இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2017 மார்ச்சில் ஹாங்காங்கின் லாங்ஹாம் பிளேஸ் மாலில் உலகம் பார்த்தது. ஏறிக்கொண்டிருந்த 45 மீட்டர் நீள எஸ்கலேட்டரின் செயின் அறுந்தது. அதைக் கண்டறியவேண்டிய சாதனம் வேலை செய்யவில்லை. படிகள் வேகமாகக் கீழ்நோக்கி ஓடி ஜனங்களை அடிவாரத்தில் குவித்தன. பாதுகாப்புச் சாதனம் இருப்பது வேறு, அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது வேறு. பராமரிப்பு ரிஜிஸ்டரில் டிக் போட்டிருப்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் மேனேஜர்கள் ஒருமுறையாவது இரவு நின்று, ஒவ்வொரு சுவிட்சையும் தட்டி நிறுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.

கைப்பிடிக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த ரப்பர் பட்டை படியின் வேகத்தில் அல்லது அதிகபட்சம் 2 சதவீதம் கூடுதலாக ஓடலாம், குறையக்கூடாது. அதை ஓட்டும் சக்கரம் தேய்ந்தால் பிடி வழுக்கி மெதுவாகிவிடும். வயதானவர்கள் உடம்பின் பாரத்தைக் கைப்பிடியில்தான் கொடுத்திருப்பார்கள். கை பின்தங்கினால் ஆளும் பின்னால் சாய்வார். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கைப்பிடியை ஒரே இடத்தில் பிடித்தபடி கீழிருந்து மேல்வரை போங்கள். மேலே சேரும்போது கை தோளுக்குப் பின்னால் இருந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரிந்தவை. மேல்தளத்தில் கூட்டம் நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்காகத்தான்.

ஒரு மீட்டர் அகலமுள்ள எஸ்கலேட்டர் அரை மீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 6000 பேரைக் கொண்டுபோகும் என்று அதே தரவிதி கணக்குக் கொடுக்கிறது. நிமிஷத்துக்கு 100 பேர். பாதிக் கூட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், மேலே ஒருவர் 10 விநாடி நின்றால் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்களால் நிற்க முடியாது. காலுக்கடியில் இருப்பது தரையல்ல, ஓடும் படி. ஆகவே இறங்கும் முனைக்கு முன்னால் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு எந்தத் தடையும் இல்லாத இடம் வேண்டும் என்பது விதி.

நான் வேலை பார்த்த கடையில் ஒரு ஆடி மாதம் அந்த இரண்டரை மீட்டருக்குள் ஒரு மேசையைப் போட்டு, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று நைட்டியும் பாவாடையும் குவித்துவிட்டார்கள். மேலே வந்தவுடன் கண்ணில் படுவது அதுதான். கண்ணில் பட்டதும் கால் நிற்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, நின்று பார்க்க வேண்டும் என்றுதானே குவித்தார்கள். வீராம்பட்டினம் தேர் அன்று, திருவிழா பார்த்துவிட்டு அப்படியே கடைக்கு வந்த கூட்டம். ஒரு அம்மா மேசைமேல் குனிந்தார். அவர் பின்னால் வந்த பையன் அம்மா மேல் முட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒரு எட்டுப் பின்வாங்கினார். பின்னால் தரை இல்லை. அவர் உட்கார்ந்த நிலையில் சரிய, அவருக்குக் கீழே இருந்த இரண்டு பெண்கள் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார்கள். மேல்முனையில் நின்ற பெண் சிவப்பு பட்டனை அழுத்தினாள். நின்றது. பெரியவருக்கு முழங்கால் கீழே படியின் விளிம்பு கீறி, வேட்டியில் ரத்தம். நல்லவேளை அதோடு போயிற்று.

மறுநாள் மேசையை எடுக்கச் சொன்னபோது "அங்க வெச்சாதாம்மா ஓடும்" என்ற பதில்தான் வந்தது. நான் துணி அளக்கும் மீட்டர்கோலை எடுத்துப்போய், கைப்பிடி முடியும் இடத்திலிருந்து இரண்டரை கோல் அளந்து தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, கூட்ட நேரத்தில் என்னோடு கால் மணி நேரம் அங்கே நிற்கச் சொன்னேன். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. மேசை சுவரோரம் போயிற்று, டேப்புக்குள் எதுவும் வைப்பதில்லை என்று ஆனது. பொம்மை, தள்ளுபடி போர்டு, பரிசுக் குலுக்கல் பெட்டி, கல்யாண வரவேற்புக்குக் கோலம் போட்டுக் குத்துவிளக்கு வைப்பது என்று எந்தக் கடையிலும் அந்த இடத்தை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கொடுக்கவே கூடாது. கூட்டம் மிஞ்சினால் கீழே ஏறும் இடத்தில்தான் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். படி தட்டையாகும்போதே காலை எடுத்து வையுங்கள், இறங்கியதும் நிற்காமல் நாலு எட்டு நடங்கள். ஆள் தேடுவது, போன் எடுப்பது, "மூணாவது மாடியா, நாலாவதா" என்று கேட்பது எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த சிவப்பு பட்டன் மேலே ஒன்றும் கீழே ஒன்றும், கைப்பிடி முடியும் இடத்தின் பக்கத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், கடை ஊழியராக இருக்க வேண்டியதில்லை. திட்டுவார்களோ என்று தயங்கக் கூடாது. யாராவது விழுந்தாலோ, துணி மாட்டினாலோ ஓடிப்போய் ஆளைத் தூக்குவதைவிட பட்டனை முதலில் அழுத்துவதுதான் அவரைக் காப்பாற்றும். மேலே ஆட்கள் இருந்தால் "கையப் புடிங்க, நிறுத்தறேன்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அழுத்துங்கள். நிற்கும்போது வரும் குலுக்கலுக்கு அவர்கள் தயாராகிவிடுவார்கள்.

காலுக்கடியில் இருக்கும் அந்த உலோகத் தட்டைப் பற்றி ஒன்று. 2015 ஜூலையில் சீனாவின் ஜிங்ஜோ நகரில் ஒரு கடையில் மேல்முனைத் தட்டு சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது. குழந்தையோடு வந்த தாய் அதில் கால் வைக்க, தட்டு கவிழ்ந்தது. குழந்தையை முன்னால் தள்ளிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார், பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, பராமரிப்பு முடிந்த இரவுகளில் தட்டின் ஒவ்வொரு திருகையும் நானே தொட்டுப் பார்ப்பேன், நாலு மூலையிலும் ஏறி நின்று ஆடுகிறதா என்று பார்ப்பேன். தட்டு ஆடினாலோ டக்கென்று சத்தம் வந்தாலோ கடைக்காரரிடம் சொல்லுங்கள், அதைத் தாண்டிப் போங்கள்.

தட்டைத் திறந்தால் ஜவுளிக்கடையில் என்ன இருக்கும் தெரியுமா? பஞ்சு. பட்டு நூல், சுடிதார் துணியின் தூசு, விலைச்சீட்டு கோத்த பிளாஸ்டிக் வளையம், குண்டூசி, ஹேர் கிளிப், பில், வாடிய மல்லிகை. எல்லாம் செயினுக்குப் போடும் எண்ணெயில் ஊறிக் கறுத்த சக்கையாக அடியில் படிந்திருக்கும். 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மரப்படி எஸ்கலேட்டருக்கு அடியில் இருந்தது இதே மாதிரிச் சக்கைதான். யாரோ போட்ட தீக்குச்சி இடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. 31 பேர் இறந்தார்கள். இன்றைய படிகள் உலோகம்தான், ஆனாலும் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்த இடம் எரியும். ஜவுளிக்கடைக்காரர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி அந்தக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று கூடுதலாக ஒன்று, மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்த கடையில் எஸ்கலேட்டரின் கீழ்க்குழிதான் முதலில் நிரம்பும். தண்ணீர் வடிந்து தரை துடைத்தாகிவிட்டது என்று சாவியைப் போடக்கூடாது. குழியை இறைத்து, வயர்களின் காப்பைச் சோதித்து, சுவிட்சுகளைத் திறந்து உலர்த்தி, செயினுக்கும் பேரிங்குக்கும் புதிதாக எண்ணெய் போட்டு மெக்கானிக் எழுதிக் கொடுத்த பிறகுதான். புயல் எச்சரிக்கை வந்த உடனேயே மெயினை அணைத்துவிட்டால் பாதி நஷ்டம் மிச்சம்.

கடைசியாக, நின்றுபோன எஸ்கலேட்டர். "நிக்கிதுதானே, சாதாப் படி மாதிரி ஏறிப்போலாம்" என்று விடுவார்கள். சாதாரணப் படி 15, 17 சென்டிமீட்டர் உயரம் என்றால் இதன் படி 20-க்கு மேல், 24 வரை இருக்கும். அதிலும் இரண்டு முனையிலும் படிக்குப் படி உயரம் மாறும். நம் கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்துப் போகும், இடறும். பழுதாகி நின்றதா, கரண்ட் போய் நின்றதா என்று தெரியாதபோது அதன்மேல் கூட்டத்தை ஏற்றுவதும் சரியில்லை. இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துவிடுங்கள். திரும்ப ஓட்டும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், வாட்ச்மேன், கேஷியர் என்று கைமாறக் கூடாது. அவர் ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு ஆளும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்து, சாவியைத் திருப்ப வேண்டும். எல்லாப் படியும் ஒரு சுற்று காலியாக வந்து போகட்டும். சத்தத்தைக் கேளுங்கள், சீப்பைப் பாருங்கள், கைப்பிடியில் கை வைத்துப் பாருங்கள். அதன்பிறகு தடுப்பை எடுக்கலாம்.